மறந்துபோன பத்தியம்



மதீனாவில் உம்முல் முன்திர் (ரலி) என்னும் அன்ஸாரிப் பெண்மணியின் வீடு. அங்கே பேரீச்சங் குலைகள் கட்டித் தொங்கவிடப்பட்டிருந்தன. பெருமானார் (ஸல்) அவர்கள் வந்து, அவற்றிலிருந்து பறித்து உண்ணத் தொடங்கினார்கள். உடன் வந்திருந்த ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்களும் எழுந்து கை நீட்டினார்கள். அவர்களோ அப்போதுதான் ஒரு நோயிலிருந்து தேறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இன்னும் முழுமையாகத் தேறவில்லை என்று சொல்லி நாயகம் அவர்கள் தடுத்துவிட்டார்கள். பிறகு அந்த அம்மையார் வாற்கோதுமையையும் ஒருவகைக் கீரையையும் சேர்த்துச் சமைத்துக் கொண்டுவந்தபோது, அதுவே அலீ அவர்களுக்கு ஏற்றது என்று கூறி உண்ணச் சொன்னார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். பேரீச்சம்பழம் ஹலாலானது, பரக்கத் நிறைந்தது, நாயகமே விரும்பி உண்டது. ஆயினும் அந்த நேரத்தில் அந்த உடம்புக்கு அது ஆகாது என்று விலக்கப்பட்டது. பொருள் நல்லதா என்பது ஒரு கேள்வி. இப்போது இவருக்கு நல்லதா என்பது வேறொரு கேள்வி. இந்த இரண்டாவது கேள்விக்குத்தான் நம் முன்னோர் பத்தியம் என்று பெயர் வைத்தார்கள்.

இன்று இயற்கை மருத்துவம் என்று பரவலாகப் பேசப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் பாதிரியார் செபஸ்டியான் நைப், லூயி கூனே போன்றோர் நீர்ச் சிகிச்சையையும் எளிய உணவையும் வலியுறுத்தினர். கூனேயின் நூலைப் படித்து ஈர்க்கப்பட்ட காந்தியடிகள், 1946இல் பூனாவுக்கு அருகே உருளிகாஞ்சனில் இயற்கை மருத்துவ நிலையம் தொடங்கினார். நம் சென்னை அரும்பாக்கத்தில் இதற்கென அரசுக் கல்லூரியே உண்டு. அங்கே பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் படித்துப் பட்டம் பெறுகிறார்கள். வயிற்றின்மேல் ஈரமண் பட்டி, இடுப்புக் குளியல், இளவெயில், மூச்சுப் பயிற்சி, உபவாசம், சமைக்காத காய்கனிகள் ஆகியவை இம்முறையின் கருவிகள். உடலுக்குத் தன்னைத் தானே சீராக்கிக்கொள்ளும் ஆற்றல் உண்டு. அதற்கு இடையூறு செய்யாமல் உதவுவதே மருத்துவம் என்பது இதன் அடிப்படை.

அந்த ஆற்றலை உடலில் வைத்தவன் யார்? வல்ல நாயன் அல்லவா! விரல் கீறினால் நாம் தூங்கும்போதே தோல் வளர்ந்து மூடிக்கொள்கிறது. உடல் நமக்குச் சொந்தமன்று, அமானிதம். உடலுக்கும் நம்மீது உரிமை உண்டென்று நாயகம் அவர்கள் உணர்த்தியதை புகாரீயில் காண்கிறோம். உண்ணவும் பருகவும் அனுமதித்த இறைவன், விரயம் கூடாதென்று அதே வசனத்தில் (7:31) எச்சரிக்கிறான். வயிற்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்ற நபிமொழியை அறியாதவர் நம்மில் யார்?

அறிவோம், ஆனால் செய்வோமா? பகலெல்லாம் நோன்பிருந்து வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கிறோம். பாங்கு சொன்னதும் சமோசா, வடை, பஜ்ஜி, சர்க்கரை கரைத்த சர்பத் என்று ஒரு மணி நேரத்தில் அந்த ஓய்வைப் பறித்துவிடுகிறோம். பேரீச்சம்பழம், தண்ணீர், ஒரு கோப்பை நோன்புக் கஞ்சி போதாதா? இஷாவுக்குப் பின் வீண்பேச்சை நாயகம் அவர்கள் வெறுத்தார்கள். நாமோ நள்ளிரவு வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, ஃபஜ்ருக்கு எழ முடியவில்லை, உடம்பு அசதி என்கிறோம்.

இதுவரை சொன்னதை எல்லோரும் ஏற்பீர்கள். இனிச் சொல்லப்போவது எனக்கே கசப்பானது.

என் தாய்மாமாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நாள்தோறும் இன்சுலின் போட்டு வந்தார். முறையாக எதுவும் படிக்காத ஒருவர் பேச்சைக் கேட்டு, ஒருநாள் ஊசியை நிறுத்தினார். தேனும் கருஞ்சீரகமும் போதும் என்றார். “மருமகனே, நாயகம் சொன்ன மருந்து இருக்கும்போது இந்த ஊசி எதுக்கு?” என்று என்னிடமே கேட்டார். நான் வாய்மூடி நின்றேன். மாமாவை எதிர்த்துப் பேசுவதா என்ற தயக்கம் ஒருபுறம். நபிமருத்துவம் என்ற சொல்லுக்கு மறுப்புச் சொல்வதா என்ற அச்சம் மறுபுறம். கால்விரலில் வந்த சிறு புண் ஆறவேயில்லை. முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்ற முடிந்தது. இன்று அவர் நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். ஸஜ்தாவில் நெற்றி தரையில் படவில்லையே என்று அவர் ஏங்கும்போது, அவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் ஹதீஸிலேயே இருந்தது. பயணத்தில் ஒருவருக்குத் தலையில் காயம், குளிப்பும் கடமையாகிவிட்டது. தயம்மும் செய்ய அனுமதி உண்டா என்று தோழர்களைக் கேட்டார். இல்லையென்று சொல்லிவிட்டார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நாயகம் அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அவரைக் கொன்றது அவர்கள்தாம் என்றும், அறியாமைக்கு மருந்து கேட்டறிவதே என்றும் உணர்த்தினார்கள். இதுவும் அபூதாவூதில் உள்ளது. சொன்னவர்கள் தீயவர்களல்லர், மார்க்கப் பற்று மிக்கவர்களே. ஆயினும் அறியாமல் சொன்ன ஒரு சொல் ஓர் உயிரைக் குடித்துவிட்டது. மருத்துவம் அறியாதவர் மருத்துவம் பார்த்தால், நேரும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்ற நபிமொழியும் உண்டு.

தேனில் நிவாரணம் உண்டென்பது இறைமறையின் வாக்கு (16:69). ஆனால் எந்த நோய்க்கும், எந்த உடம்புக்கும் தேன் ஒன்றே போதும் என்று எங்கே சொல்லப்பட்டிருக்கிறது? தேன் இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி பிஞ்சுக் குடலில் நஞ்சை உண்டாக்கிவிடலாம். இளநீர் இயற்கையின் கொடைதான். ஆனால் சிறுநீரகம் பழுதுபட்டவருக்கு அதிலுள்ள பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். அலீ (ரலி) அவர்களுக்குப் பேரீச்சம்பழம் தடுக்கப்பட்ட காரணம் இப்போது இன்னும் தெளிவாகிறதல்லவா?

ஆகவே அன்பர்களே! பசித்தபின் உண்ணுங்கள், வயிறு நிறையுமுன் எழுங்கள். இயன்றவர்கள் பள்ளிக்கு நடந்து செல்லுங்கள். ஒவ்வோர் அடிக்கும் நன்மையுண்டு, உடலுக்கும் நலமுண்டு. இயற்கை மருத்துவத்தை நாடுவோர் அதை முறைப்படி கற்றவரிடம் செல்லுங்கள். நடந்துகொண்டிருக்கும் மருந்தை, அதைக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். ரமலான் வருமுன்பே நோயாளிகள் மருத்துவரிடமும் ஆலிமிடமும் ஆலோசனை கேளுங்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை தந்தவன் அல்லாஹ்வே (2:184).

உங்கள் வீட்டில் யாரேனும் மருந்தை நிறுத்திவிட்டதாக அறிந்தால், பெரியவராயிற்றே என்று என்னைப்போல் மௌனமாக இருந்துவிடாதீர்கள். பணிவோடு சொல்லுங்கள், அழுதாவது சொல்லுங்கள்.

அமானிதமாகத் தந்த இந்த உடலைப் பேணி, அதைக் கொண்டே அவனை வணங்கி, நல்ல நிலையில் அவனிடமே ஒப்படைக்கும் பாக்கியத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.