கோழித் தீவனமும் கொல்லாமையும்

புறக்கடையில் வளரும் சில கோழிகளுக்கு மக்காச்சோளம், தவிடு, கடலைப் பிண்ணாக்கு ஆகியவற்றை வீட்டிலேயே அரைத்துக் கலப்பவர், முட்டையிடும் கோழியின் தீவனத்தில் நூற்றுக்கு 16 முதல் 18 பங்கு புரதம் வேண்டும் என்பதறிந்து கருவாட்டுத் தூளையும் சேர்க்கும்போது, ஓர் உயிரைப் பேண இன்னோர் உயிரைக் கொல்விப்பது அறமாகுமா என்னும் பழைய வினா எழுகிறது. திருக்குறளின் புலான்மறுத்தல் அதிகாரம், உண்பவர் இருப்பதனாலேயே ஊன் விற்பவரும் இருக்கிறார் என்று கண்டு, கொலையின் பொறுப்பை வாங்குபவரிடமும் கொண்டு சேர்க்கிறது. அந்நெறிப்படி கருவாடு வாங்குபவர் விலகி நிற்க இயலாது.

ஆயினும் கோழி இயல்பிலேயே கரையானையும் புழுவையும் கொத்தித் தின்னும் உயிர். மெத்தியோனின், அதாவது உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாததும் இறகுக்கும் முட்டைக்கும் இன்றியமையாததுமான புரதக்கூறு, கடலைப் பிண்ணாக்கில் குறைவு. கொல்லாமையின் பெயரால் அக்குறையை அப்படியே விடுவது, தான் ஏற்ற நோன்பைக் கூண்டிலுள்ள உயிரின்மேல் சுமத்துவதாகும். அதை அருள் என்று கொள்ள முடியாது. மெத்தியோனின் மிகுந்த எள்ளுப் பிண்ணாக்கைச் சேர்த்துக் கருவாட்டைக் குறைப்பதே நேர்மையான வழி (எள்ளில் லைசின் என்னும் மற்றொரு கூறு குறைவாதலின் அது மட்டும் போதாது). கிளிஞ்சல் தூளை மறப்பதோ இன்னும் கொடிது: ஒவ்வொரு முட்டையோட்டுக்கும் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து தேவைப்படுவதால், தீவனத்தில் கிடைக்காததைக் கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கிறது.