கம்புச்சண்டையில் பிறந்த பாட்டு

பாடகர் ஹாரி பெலஃபான்டே 1956இல் வெளியிட்ட 'கலிப்ஸோ' இசைத்தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதிலிருந்து உலகமே முணுமுணுத்த வாழைப்படகுப் பாட்டு உண்மையில் கலிப்ஸோ அல்ல. இரவெல்லாம் கப்பலில் வாழைத்தார் ஏற்றிய ஜமைக்கத் தொழிலாளர்கள், விடிந்ததும் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டுப் பாடிய வேலைப்பாட்டு அது. கலிப்ஸோ என்ற பாட்டு வகையின் ஊர் கரீபியத் தீவான டிரினிடாட்.

அங்கே கரும்புத் தோட்டத்தில் தீப்பிடித்தால், கொம்பூதி, சாட்டையைச் சொடுக்கி, தீயை அணைக்க அடிமைகளை விரட்டிக்கொண்டு வருவார்கள். 1838இல் முழு விடுதலை கிடைத்தபின், பட்ட கொடுமையையே அவர்கள் தீவட்டி ஊர்வலமாக நடித்துக் காட்டினார்கள். அதற்குக் கான்புலே என்று பெயர். பிரெஞ்சில் எரிந்த கரும்பு என்று பொருள்.

அந்த ஊர்வலத்தின் உயிர் கலிந்தா என்ற கம்புச்சண்டை. கம்பு வீரர்கள் மோதும்போது, ஒவ்வொரு கூட்டத்துக்கும் சான்ட்வெல் என்ற பாட்டுக்காரர் ஒருவர் இருப்பார். தம் வீரனை உயர்த்தி, எதிராளியை ஏசி அவர் ஓரடி எடுத்துக் கொடுப்பார். கூட்டம் திருப்பிப் பாடும். ஒருவர் பாடப் பலர் வாங்கிப் பாடும் இம்முறை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. மொழியோ பிரெஞ்சிலிருந்து கிளைத்த பத்வா. ஆளைப் பெயர் சொல்லி அடிக்கும் கலிப்ஸோவின் துணிச்சல் இந்த எசப்பாட்டுக் களத்தில் பழகியதுதான் என்பேன். நல்ல பாட்டைக் கேட்டால் 'கைசோ!' என்று கூவுவார்கள். கலிப்ஸோவின் பழம்பெயரும் அதுவே.

ஆட்சியாளர்கள் இந்த ஊர்வலத்துக்கு அஞ்சினார்கள். 1881இல் கான்புலேயைத் தடுக்க வந்த போலீசாரோடு போர்ட் ஆஃப் ஸ்பெயின் தெருக்களில் பெரும் மோதல் நடந்தது. 1884இல் சட்டம் போட்டு முரசை ஒடுக்கினார்கள். மக்கள் மூங்கிலைப் பல அளவுகளில் வெட்டித் தரையில் குத்தித் தாளம் எழுப்பினார்கள். மூங்கிலுக்குப் பின் தகர டப்பா, அதன்பின் எண்ணெய்ப் பீப்பாய். ஸ்டீல் பேன் வாத்தியம் வந்த வழி இது.

பாட்டுக்காரர் மெல்லக் கம்புக்களத்தை விட்டுக் கட்டணப் பந்தலுக்கு வந்தார். பத்வா போய் ஆங்கிலம் வந்தது. ஆனால் ரோரிங் லயன், க்ரௌலிங் டைகர், அட்டிலா தி ஹன் என்று சூட்டிக்கொண்ட பெயர்களில் சண்டைக்களம் அப்படியே இருக்கிறது.

பெலஃபான்டேயின் தட்டு வந்த அதே 1956இல், மைட்டி ஸ்பாரோ 'ஜீன் அண்ட் டைனா' பாடிக் கலிப்ஸோ மன்னர் பட்டம் வென்றார். டிரினிடாடில் இருந்த அமெரிக்கப் படையினர் போனபின் பிழைப்பு இழந்த பெண்களைப் பற்றிய பாட்டு அது. வாழைப்படகை மட்டும் கேட்டவர்கள் இதையும் ஒருமுறை கேளுங்கள்.