எழுத்தெண்ணிச் சொல் தேடுதல்

ஆர்தர் வின் என்பவர் 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் வைர வடிவமான கட்டங்களை வரைந்து வெளியிட்ட சொல் விளையாட்டு, குறுக்கெழுத்துப் போட்டி என்ற பெயரில் இன்று ஆங்கிலம் படித்தவர்களில் பலருக்கு நித்திய கர்மமாகவே ஆகிவிட்டது. இத்தனை எழுத்துக் கொண்ட சொல், அதில் இன்ன எழுத்து இன்ன இடத்தில் நிற்கவேண்டும் என்ற நிபந்தனையோடு ஒருவன் தலையைச் சொறிந்துகொண்டிருப்பதைக் காணும்போது, பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடும் அக்காரியத்தில், நம் தேசத்துத் தரிசனக்காரர்கள் பல நூற்றாண்டுகள் விடாமல் வாதித்த ஒரு கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. சொல் என்பது எழுத்துக்களின் கூட்டம் மாத்திரந்தானா, அல்லது எழுத்துக்களுக்கு வேறான ஒரு வஸ்துவா என்பதே அக்கேள்வி.

எஸ், டி, ஓ, பி என்ற நான்கு ஆங்கில எழுத்துக்களை எடுத்துக்கொள்வோம். இவற்றை இருபத்துநான்கு விதமாக வரிசைப்படுத்தலாம். அவற்றுள் ஸ்டாப், ஸ்பாட், போஸ்ட், பாட்ஸ், டாப்ஸ், ஆப்ட்ஸ் என்ற ஆறு மட்டும் சொற்கள். ஒன்று நிற்கச் சொல்கிறது, ஒன்று பானைகளைக் குறிக்கிறது, ஒன்று கம்பத்தையும் தபாலையும் ஒருங்கே குறிக்கிறது. மற்ற பதினெட்டும் அதே எழுத்துக்களால் ஆனவையாயினும் உயிரற்றுக் கிடக்கின்றன. எழுத்தே சொல்லென்றால் இந்தப் பேதம் எங்கிருந்து வந்தது? இது புதிய ஆக்ஷேபமன்று. கபி என்றால் குரங்கு, பிக என்றால் குயில். எழுத்து மாறவில்லையே, பொருள் மாறியது எப்படி என்று பூர்வபக்ஷி கேட்பதாகச் சங்கரர் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் எழுப்பிக்கொண்டு, பகவான் உபவர்ஷரைப் பின்பற்றி, எழுத்துக்களே சொல் என்று விடை கூறுகிறார். எறும்புகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊரும்போதுதான் வரிசை என்ற புத்தி உண்டாகிறது. எறும்புகளுக்கு அப்பால் வரிசை என்று தனியே ஒரு பொருள் இல்லை. எழுத்துக்களும் அவ்வாறே கிரமத்தோடு வந்து ஒரே புத்தியில் ஏறும்போது சொல்லாகின்றன என்பது அவர் சமாதானம்.

(ஆங்கில எழுத்தை வர்ணமென்று ஒப்ப நம் பண்டிதர்கள் இசையமாட்டார்கள் என்பது வேறு விஷயம். ஓ, யூ, ஜி, எச் என்ற நான்கும் சேர்ந்து 'டஃப்' என்பதில் ஒருவிதமாகவும் 'த்ரூ' என்பதில் மற்றொருவிதமாகவும் ஒலிக்கும் அந்த அராஜகத்தைக் கண்டால், காதால் கேட்கப்படுவதே வர்ணம் என்ற, வேத கர்மங்களை விசாரிக்கும் மீமாம்ஸகர் சிரித்துவிட்டு எழுந்து போயிருப்பார்.)

எதிர்க்கட்சியின் தலைவர் வாக்கியபதீயம் இயற்றிய பர்த்ருஹரி. சொல் பிரிவற்றது, பேசுவதற்கு முன்பே உள்ளத்தில் முழுமையாக நிற்பது, எழுத்துக்கள் அதை வெளிப்படுத்தும் கருவிகளேயன்றி அதன் அவயவங்கள் அல்ல என்பது ஸ்போடவாதம். மீமாம்ஸகரான குமாரிலர் சுலோகவார்த்திகத்தில் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கிக் கண்டித்தார். வெறும் இலக்கணச் சண்டைக்கு இத்தனை ஆவேசம் ஏன் என்று தோன்றலாம். அக்நிக்குரிய மந்திரத்தைச் சூரியனுக்குரிய கர்மத்தில் ஓதுங்கால், 'அக்நயே' என்ற பதத்தை எடுத்துவிட்டு 'ஸூர்யாய' என்று வைத்து ஓதுவர். இதற்கு ஊஹம் என்று பெயர். பிரிவுகள் யாவும் பொய்யென்றால், ஒரு பகுதியை எடுத்து மற்றொன்றை வைக்கும் இந்தக் கிரியைக்கு ஆதாரமேது? யாகசாலையின் அஸ்திவாரத்தையே தொட்டது அந்த வாதம்.

எனினும் குறுக்கெழுத்துக்காரனின் பக்கத்தில் அமர்ந்து பார்த்தால், எறும்பு திருஷ்டாந்தம் கேட்பவனுக்கே பொருந்துகிறது, தேடுபவனுக்குப் பொருந்தவில்லை என்று சொல்லத் துணிகிறேன். கேட்பவனுக்கு எழுத்துக்கள் கிரமமாக வந்து சேர்கின்றன. தேடுபவனுக்கோ எறும்புகள் இன்னும் புற்றைவிட்டே புறப்படவில்லை. ஆயினும் தவறான சொல் மனத்தில் எழும்போது, அது கட்டங்களுக்குப் பொருந்துவதாயிருந்தும், 'இதுவன்று' என்று அவன் தள்ளிவிடுகிறான். சரியானது வந்ததும் அதன் எழுத்துக்களை எண்ணுமுன்பே 'இதுதான்' என்று துள்ளுகிறான். இன்னும் வந்து சேராத ஒன்றைக்கொண்டு வந்தவற்றை நிராகரிப்பது எவ்வாறு?

கிறிஸ்தவ ஆசாரியரான அகஸ்தீன் தமது 'கன்ஃபெஷன்ஸ்' என்ற நூலின் பத்தாம் புத்தகத்தில் இதே அநுபவத்தைப் பரிசீலிக்கிறார். ஒருவனுடைய பெயரை மறந்துவிட்டு நினைவுகூர முயல்கிறோம். வேறு பெயர்கள் வந்தால் ஏற்க மறுக்கிறோம். ஆகவே அப்பெயர் முற்றிலும் மறக்கப்படவில்லை என்பது அவர் முடிவு. அவர் இந்தச் சிறு விஷயத்தைக் கையிலெடுத்தது கடவுளைத் தேடுகிறவனைப்பற்றி விசாரிப்பதற்காக. முன்பே அறிந்திராவிட்டால் தேடுவதெப்படி, கண்டபோது அறிவதெப்படி?

இவ்விடத்தில் ஒப்புமை சற்றே தளர்கிறது. கட்டத்தில் எழுதிய சொல்லைக் குறுக்கே ஓடும் சொற்கள் எழுத்தெழுத்தாகச் சோதித்துவிடுகின்றன. தப்பிப் பிழைத்த பிழையையும் பிறகு வெளிவரும் விடை காட்டிக்கொடுத்துவிடுகிறது. உள்ளத்தில் பளிச்சிட்ட ஒன்றையே ஈசுவரன் என்று நம்பிவிடும் சாதகனுக்குக் குறுக்கே ஓடுவது எது? வேதம் என்று மனிதன் மாற்றக்கூடாத ஓர் எழுத்து வரிசை தனக்கு வெளியே இருந்தாகவேண்டும் என்று மீமாம்ஸகர் பிடிவாதம் பிடித்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணமாயிருக்கலாம். பர்த்ருஹரியின் பக்கமே சாய்ந்திருக்கும் என் மனம், இந்த ஓர் இடத்தில் மட்டும் குமாரிலரைத் திரும்பிப் பார்க்கிறது.