அச்சமும் ஆசையும் அழைக்கும்போது



பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் வாழும் தமிழர்க்கு இருமொழி வாழ்க்கை புதிதன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு முதலிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராச்சியத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அன்று தொட்டு, களியக்காவிளைக்கு அப்பால் உறவும் இப்பால் அலுவலும், வீட்டில் தமிழும் அரசுத் தாளில் மலையாளமும் என்று இங்கே பலர் வாழ்கின்றனர். இன்று அவர்களுடைய கைபேசியில் இந்தியும் ஆங்கிலமும் கலந்த அதிகாரக் குரலொன்று ஒலிக்கிறது. “மும்பைப் போலீஸ் பேசுகிறோம்” என்கிறது அக்குரல். பாதி விளங்கும் மொழியில் வரும் அதிகாரம் முழுதும் அச்சுறுத்த வல்லது.

பகவான் புத்தர் சிகாலகன் என்னும் இல்லறத்தானுக்கு அறம் உரைக்குங்கால், மனிதன் நெறி தவறுவதற்கு நான்கு காரணங்களைக் காட்டினார். ஆசை, பகை, மயக்கம், அச்சம் என்பன அவை. இவற்றுள் பகை நீங்கலாக மற்ற மூன்றையும் இக்காலத்து வஞ்சகர் தம் தொழிற்கருவிகளாகக் கொண்டுள்ளனர்.

முதலில் அச்சத்தை நோக்குவோம். “உமது பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உமது ஆதார் எண் குற்றத்திற்குப் பயன்பட்டது” என்பர். பின்னர் வீடியோ அழைப்பில் போலீஸ் உடை தரித்த ஒருவன் தோன்றி, “நீர் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர், காமிராவை விட்டு அகலக் கூடாது, சரிபார்ப்பதற்குப் பணத்தை அனுப்பும்” என்பான். நமது நாட்டுச் சட்டத்தில் அத்தகைய கைது எதுவுமில்லை. 2024 அக்டோபர் 27ஆம் நாள் வானொலி உரையில் பிரதமரே இதனை எடுத்துரைத்தார். உண்மையான போலீஸார் தொலைபேசியில் பணம் கேட்பதில்லை.

ஆசையின் வழி வேறு. பங்கு வணிகச் செயலி ஒன்றில் சிறு தொகை இடச் செய்வர். இலாபம் பெருகுவதாகத் திரையில் எண்கள் காட்டும். திரும்பப் பெற முயன்றால் முன்னதாக வரி கட்டு என்பர். திரையில் கண்டது எண்ணேயன்றிப் பணமன்று. வேறு சிலர், உமக்குப் பணம் வரவிருக்கிறது, இரகசிய எண்ணை இடும் என்பர். பணம் பெறுவதற்கு இரகசிய எண் வேண்டுவதே இல்லை. கொடுப்பதற்கே அது வேண்டும்.

மயக்கத்திற்குக் கோழிக்கோட்டில் 2023 ஜூலையில் நிகழ்ந்ததே சான்று. பணி ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாட்ஸ்அப் வழியே பழைய தோழரின் முகமும் குரலும் வந்தன. உறவினரின் அறுவைச் சிகிச்சைக்கு என்று கேட்டதும் 40,000 ரூபாய் அனுப்பினார். மீண்டும் 35,000 கேட்கவே ஐயுற்றுத் தோழரை நேரே தொடர்பு கொண்டார். முகமும் குரலும் செயற்கை நுண்ணறிவால் புனையப்பட்டவை என்பது வெளியாயிற்று. கண்டதும் கேட்டதும் இன்று பிரமாணம் ஆகா.

இம்மூன்று வலைகளுக்கும் பொதுவான முடிச்சு ஒன்றுண்டு. “உடனே செய், எவரிடமும் சொல்லாதே” என்பதே அது. மனிதனைச் சுற்றத்தினின்றும் பிரித்தாலன்றி வஞ்சகன் வெல்வதில்லை. ஆதலால் நமக்கு அரண் யாது? கல்யாண மித்திரர், அதாவது நல்லறத் துணைவர். நன்னட்பு அறவாழ்வின் பாதியன்று, முழுமையுமே என்று பகவான் ஆனந்தருக்குத் தெளிவுறுத்தினார். அழைப்பைத் துண்டியுங்கள், மூச்சு ஒன்றைக் கவனியுங்கள், மனைவியிடமோ மகனிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லுங்கள். வாய்விட்டுச் சொல்லும்போதே பாதி மாயை கலைந்துவிடும்.

பணம் போய்விட்டதாயின் வெட்கித்து மௌனம் காத்தல் வஞ்சகனுக்கே துணையாகும். தாமதமின்றி 1930 என்னும் எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் வங்கிக் கணக்கை முடக்க அதுவே வழி. கோழிக்கோட்டு அன்பரின் பணமும் அவ்வாறே மீட்கப்பட்டது. அவ்வெண் எல்லைக்கு இருபுறமும் ஒன்றே. குற்றம் எங்கு நிகழ்ந்திருப்பினும் எந்தக் காவல் நிலையத்திலும் புகார் அளிக்கலாம் என்பதை 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள நாகரிக் சுரக்ஷா சட்டம் உறுதி செய்கிறது. ஏமாந்தவரை எள்ளி நகையாடுவோர் அடுத்தவர் வாயையும் அடைக்கின்றனர், அது கருணையன்று.

இறுதியாக நம் இளைஞர்க்கு ஒரு சொல். “உன் வங்கிக் கணக்கைச் சில நாள் இரவல் தா, கமிஷன் தருகிறோம்” என்று எவரேனும் அணுகலாம். திருட்டுப் பணம் ஓடும் வாய்க்கால் அக்கணக்கே. கொடுத்தவன் வழக்கில் சிக்குவான். அதனினும் மேலாக, ஒரு முதியவரின் வாழ்நாள் சேமிப்பைக் கொள்ளையிட்ட கையில் அவன் கையும் ஒன்றாகும். பிறர் பொருளைக் கவரேன் என்று நாம் ஏற்ற இரண்டாம் சீலம், கவர்வோனுக்குக் கதவு திறந்து விடுவதையும் விலக்குகிறது.

ஏமாறாதிருத்தல் விழிப்பு, ஏமாற்றுக்குத் துணை போகாதிருத்தல் சீலம். இரண்டும் நம் இல்லந்தோறும் நிலைபெறுக.