மாவுக்கட்டுப் போட்ட கை
போர்க்களத் தலைமை என்றதும் முன்னால் பாய்ந்து முழங்கும் உருவமே நினைவுக்கு வரும். 1947 நவம்பர் 3 அன்று, ஸ்ரீநகர் விமான நிலையத்தை அடுத்த பட்காமில் மேஜர் சோம்நாத் சர்மாவின் கையில் மாவுக்கட்டு. துப்பாக்கி ஏந்தத் தோதில்லை. ஆகவே இயந்திரத் துப்பாக்கிக்காரர்களுக்கு மேகசினில் தோட்டா நிரப்பிக் கொடுத்தார், எடுபிடி வேலைதான். குண்டுமழையில் திறந்தவெளிக்கு வந்து துணிப்பட்டைகளை விரித்து, நம் விமானங்களுக்கு இலக்கைக் காட்டினார். தலைவன் பத்திரமாக இருந்தால்தானே படை கலையாது என்று கேட்கலாம். பெரிய சேனைக்கு அது சரி. பலமடங்கு எதிரிகள் சூழ்ந்த ஒற்றைக் கம்பெனியில் பத்திரமான இடம் ஏது? மோர்ட்டார் குண்டுக்கு அவர் பலியான பிறகும் வீரர்கள் சண்டையைக் கைவிடவில்லை. எதிரி சுமார் 6 மணி நேரம் தாமதப்பட்டான். விமான நிலையம் தப்பியது. நாட்டின் முதல் பரம் வீர் சக்ரா அவருக்கே வழங்கப்பட்டது.