எதிராளி இல்லாத ஆறு

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்கில் டீக்கடைப் பேச்செல்லாம் அடிக்கணக்குதான். பெரியாறு 136 தாண்டிவிட்டதா, 142-ஐத் தொடுமா, வைகை 71-க்கு வருமா என்பதே கேள்வி. அந்தக் கவலை நியாயமானது. மேற்கே ஓடிய பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய தண்ணீரில்தான் லோயர்கேம்ப் தொடங்கி 14,707 ஏக்கர் இருபோக நிலம் பச்சை கட்டுகிறது. 1886-இல் 999 ஆண்டு ஒப்பந்தம், 1895-இல் அணை, 2014-இல் 142 அடிக்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, மேற்பார்வைக் குழு. அந்த ஒவ்வோர் அடிக்கும் பின்னால் நம் மக்களின் போராட்டம் இருக்கிறது. அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் பிறந்தநாளில் பொங்கல் வைக்கும் ஊர்கள் இவை.

இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் மாவட்டத்திலேயே இன்னோர் ஆறும் இருக்கிறது. வருசநாட்டு மலையில் பிறந்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வழியாக வரும் மூல வைகை. மதுரைக்குப் பெருமை தந்த வைகைக்கு இதுவே தாய்மடி. கோடையில் அங்கே போனால் ஆற்றுக்குள் மாட்டுத் தடமும் டயர் தடமும்தான் தெரியும். குடிதண்ணீருக்கு மணலுக்குள் உறைகிணறு இறக்கியிருப்பார்கள். மழை பெய்தால் செந்நிற வெள்ளம் இரைந்து வரும், சில நாளில் வடிந்துவிடும். மலைச்சரிவில் காடு அழிந்து இலவமும் முந்திரியும் ஏறிய பிறகு, மழையைப் பிடித்துவைத்து மெல்ல மெல்லக் கசியவிட அங்கே மண்ணுக்குத் தெம்பு இல்லை. வந்த வண்டல் வைகை அணையில் படிகிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மனது கனக்கிறது. அடுத்த மாநிலத்தோடு வழக்காடி வாங்கிய தண்ணீர் ஓடுகிறது. யாரிடமும் கேட்க வேண்டாத, பிறப்பிலிருந்து முடிவுவரை தமிழ்நாட்டுக்குள்ளேயே இருக்கிற ஆறு வறண்டு கிடக்கிறது. எதிராளி இல்லாததால் அதற்குக் காவலும் இல்லாமல் போயிற்று. நாம் காத்தது தண்ணீர் மேலுள்ள உரிமையை, தண்ணீரை அல்ல.

இது பெரியாற்றுத் தண்ணீர் ஓடிவரும் முல்லையாற்றுக்கும் பொருந்தும். அவ்வளவு பாடுபட்டு மலை தாண்டிக் கொண்டுவந்த தண்ணீரில் கரையோர ஊர்களின் சாக்கடை கலக்கிறது. வீரபாண்டி சித்திரைத் திருவிழாவில் லட்சக்கணக்கானோர் அந்த ஆற்றில்தான் முங்கி எழுந்து கௌமாரியம்மனைக் கும்பிடப் போகிறார்கள். படித்துறையில் நாணல் வேரைச் சுற்றி ஷாம்பு உறைகளும் கழற்றிவிட்ட துணியும் சிக்கிக் கிடக்கும். யாரைக் கேட்பது? மதகு நீர்வளத்துறையிடம், கரைப் புறம்போக்கு வருவாய்த்துறையிடம், சாக்கடை நகராட்சி, பேரூராட்சிகளிடம், மலை வனத்துறையிடம், நீரின் தரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம். ஆறு ஒன்று, கோப்புகள் ஐந்து. மலை உச்சியிலிருந்து ராமநாதபுரம் பெரிய கண்மாய் வரை வைகைப் படுகை முழுவதற்கும் பதில் சொல்ல ஒரே அமைப்பு வேண்டும்.

2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது வைகை மீளும் என்ற நம்பிக்கை பிறந்தது. எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. ஆனால் தலைமுறையாக வருசநாட்டு மலையில் வெள்ளாமை செய்கிறவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று மட்டும் எழுதி இறக்கிவிட்டால் காடு வந்துவிடாது. எந்த ஓடை எந்த மாதம் வற்றுகிறது, எந்தச் சரிவில் எந்த மரம் தழைக்கும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. அவர்களுக்குக் கூலியும் உறுதியும் கொடுத்து நாட்டு மரங்களை வளர்க்கச் சொல்லலாம். அந்தச் செலவில் மதுரைக்கும் ராமநாதபுரத்துக்கும் பங்கு உண்டு. கீழே அந்தத் தண்ணீரைக் குடிப்பது அந்த ஊர்க்காரர்கள்தானே.