அணைக்கப்பட்ட விளக்கு

ஊத்தான் மெலிந்தாங்கிலிருந்து பாகான் டத்தோவுக்குச் செல்லும் சாலை மலை அறியாத சாலை. பேராக் ஆறு கடலோடு கலக்கும் அந்தச் சமவெளியில் தென்னையும் செம்பனையும் இருமருங்கும் நிரை பிடித்து நிற்க, நடுவே இழுத்துக் கட்டிய கயிறுபோல் அது கிடக்கிறது. அவ்வழியில் வண்டி ஓட்டுகிறவருக்குப் பிரேக்கைப் பற்றிய நினைவு எளிதில் எழுவதில்லை. தேங்காய் ஏற்றிய லாரி முன்னே மெல்லச் சென்றாலோ, பள்ளி விட்ட நேரத்தில் பிள்ளைகள் சாலையைக் கடந்தாலோ, கால் தானே மிதியைத் தேடுகிறது, வண்டி நிற்கிறது, மனம் அதைக் குறித்துக்கொள்வதும் இல்லை. அதே வண்டி ஒருநாள் சிம்பாங் பூலாய் வழியாகக் கேமரன் மலைக்கு ஏறி, மாலையில் இறங்கும்போதுதான், இத்தனை நாளும் காலடியில் இருந்த நம்பிக்கை எவ்வளவு பெரிது என்பது புலப்படும்.

இப்படி ஒரு நிலையை எண்ணிப் பார்க்கலாம். தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், மாதம் ஒருமுறை மனைவியை ஈப்போ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதற்காக, ஹைபிரிட் கார் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்குகிறார். விற்கிறவர் அயலார் அல்லர். கோயில் திருவிழாவில் முகம் பார்த்துப் பேசுகிறவர். விற்பதற்கு ஒரு வாரத்துக்கு முன் அந்த வண்டியில் பிரேக் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. பட்டறையில் காட்டினார். பாகத்தை மாற்ற ஆயிரக்கணக்கான வெள்ளி ஆகும் என்றார்கள். அவர் மாற்றவில்லை. கருவியைப் பொருத்தி, வண்டியின் நினைவில் பதிந்திருந்த பிழைக்குறியை அழிக்கச் சொன்னார். விளக்கு அணைந்தது. வாங்க வந்தவர், "வண்டியில் ஏதேனும் குறை உண்டா தம்பி?" என்று கேட்கவில்லை. விற்றவரும், "இல்லை ஐயா" என்று சொல்லவில்லை. பணம் கைமாறியது. இங்கே பொய் சொல்லப்பட்டதா, இல்லையா?

விடை தேடுமுன் அந்த விளக்கு எதற்காக அங்கே இருக்கிறது என்பதை அறிய வேண்டும். பழைய கார்களில் காலுக்கும் சக்கரத்துக்கும் இடையே எண்ணெய் நிரம்பிய குழாய் நேராகச் சென்றது. எண்ணெய் குறைந்தால் மிதி பஞ்சுபோல் அமிழும்; காற்றுப் புகுந்தால் இருமுறை மிதிக்க வேண்டியிருக்கும்; கட்டை தேய்ந்தால் இரும்பு இரும்போடு உரசிக் கூவும். படிக்காத ஓட்டுநரும் காலாலும் காதாலும் இவற்றைப் படித்தறிந்தார். 1997இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸும் அதன் வழிவந்த வண்டிகளும் இந்த உறவை மாற்றிவிட்டன. அவற்றில் கால் மிதிப்பது ஒரு வேண்டுகோள் மட்டுமே. அதைக் கணினி வாங்கி அளந்து, வேகத்தைக் குறைக்கும் வேலையில் ஒரு பகுதியை மின்மோட்டாரிடம் ஒப்படைக்கிறது. மோட்டார் அப்போது மின்னாக்கியாக மாறி, ஓட்டத்தின் ஆற்றலை மின்கலத்தில் சேர்க்கிறது. எஞ்சிய பகுதியை எண்ணெய் அழுத்தம் பார்த்துக்கொள்கிறது. அவ்வழுத்தத்தையும் கால் தருவதில்லை. ஒரு பம்பு தருகிறது, ஒரு சேமகலம் காத்து வைக்கிறது. காலுக்குப் பழகிய எதிர்ப்பு தெரிய வேண்டுமே என்பதற்காக, மிதிக்கு அடியில் அந்த உணர்வைப் போலச் செய்துகாட்டும் அமைப்பு ஒன்றும் உண்டு.

இது அறிவுக்கூர்மை மிக்க ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. வெப்பமாக வீணாகும் ஆற்றல் மின்சாரமாகிறது. பிரேக் கட்டைகளும் நெடுநாள் உழைக்கின்றன. ஆனால் கால் இதுவரை பெற்றுவந்த செய்திகளுள் பல இனி அதற்கு எட்டா. பம்பு தளர்வதும், சேமகலத்தின் அழுத்தம் குறைவதும் மிதியில் உடனே தெரியாமல் போகலாம். அச்செய்தி முகப்புப் பலகைக்குப் போய், ஒரு சிறு விளக்காக எரிகிறது. கால் இழந்த அறிவின் எச்சம் அது. பழைய வண்டியில் எச்சரிக்கை விளக்கு பல சாட்சிகளுள் ஒன்று. இவ்வகை வண்டியில் பல நேரங்களில் அது ஒன்றே சாட்சி. மின்வழி அமைப்பு கைவிட்டாலும் காலின் விசை நேரே எண்ணெயைத் தள்ளும் மாற்றுவழி ஒன்றைப் பொறியாளர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் அப்போது மிதி ஆழமாக இறங்கும். காலுக்கு மிகுந்த வலிமை வேண்டும். எழுபது வயதுக் கிராணியின் காலுக்கு, மலைச்சரிவில், அந்த வலிமை நினைத்தவுடன் வருமா என்பது வேறு கேள்வி.

விளக்கு எல்லாம் அறிந்தது என்றும் சொல்வதற்கில்லை. 2010 பிப்ரவரியில் டொயோட்டா நிறுவனம் பிரியஸ் உள்ளிட்ட ஏறத்தாழ 4,37,000 ஹைபிரிட் வண்டிகளை உலகெங்கிலுமிருந்து திரும்ப அழைத்தது. கரடுமுரடான அல்லது வழுக்கும் சாலையில், மோட்டாரின் பிடியிலிருந்து எண்ணெயின் பிடிக்கு மாறும் கணத்தில், வண்டி தன்னைவிட்டு நழுவுவதுபோல் ஓட்டுநர்கள் உணர்ந்தார்கள். அது பாகம் உடைந்த குறையன்று. கணினிக்கு எழுதப்பட்ட ஆணையில் இருந்த குறை. அதைக் காட்டிலும் சிந்திக்கத் தக்கது ஒன்று உண்டு. ஆலையில் புதிதாகச் செய்யப்பட்ட வண்டிகளில் அந்த ஆணை ஜனவரியிலேயே திருத்தப்பட்டுவிட்டது. முன்பே வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கான அழைப்போ பிப்ரவரியில்தான் வந்தது. திருத்தம் செய்த நேரத்தில் நிறுவனம் எந்தப் பொய்யும் பேசவில்லை. பேசாமல் இருந்தது, அவ்வளவே. பாகான் டத்தோ விற்பனையாளரும் அவ்வாறே பேசாமல் இருந்தவர்தாம்.

அவர் தரப்பிலும் நியாயம் சொல்ல இடமுண்டு. விளக்குகள் வீணாகவும் எரிகின்றன. உணர்கருவி பழுதானாலும், கம்பியில் உப்பு ஏறினாலும், ஒன்றுமில்லாததற்கு அது கூக்குரலிடும். கைப்பிரேக்கை விடுவிக்க மறந்தாலும் சிவப்பு விளக்கு எரியும். பிரேக் எண்ணெய் வற்றினாலும் பல வண்டிகளில் அதே விளக்குத்தான். ஒரே குரலில் அற்பமும் ஆபத்தும் பேசினால் கேட்பவன் எதை நம்புவான்? மேலும், கைமாறும் கார் ஆய்வு நிலையத்துக்குப் போய்ச் சான்று பெற்றுத்தான் வருகிறது. அதற்குமேல் என்ன வேண்டும் என்று அவர் கேட்கலாம். ஆய்வு நிலையத்தின் உருளைகள் அந்த வேளையில் பிரேக் எவ்வளவு பிடிக்கிறது என்பதை அளக்கும். சென்ற வாரம் விளக்கு எரிந்ததை அவை அறியமாட்டா. அதை அறிந்தவர் இருவரே. ஒருவர் விற்றவர், மற்றவர் கருவியைப் பொருத்திய பட்டறைக்காரர். பட்டறைக்காரர் கூலிக்கு வேலை செய்தவர், வாடிக்கையாளர் சொன்னதைச் செய்தவர் என்று அவரை எளிதில் விட்டுவிடுகிறோம். ஆனால் அந்த விளக்கின் மொழியை முழுதும் படிக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவரே அல்லரா?

மனுநீதிச் சோழன் அரண்மனை வாயிலில் மணி கட்டிய கதையை நம் பிள்ளைகள் தொடக்கப்பள்ளியிலேயே படிக்கிறார்கள். கன்றை இழந்த பசு அதை இழுத்தது. அரசன் வெளியே வந்தான். அந்த மணியின் நாவை எவனோ ஒரு காவலன் முதல்நாள் இரவே துணியால் சுற்றிக் கட்டியிருந்தால்? அவன் எதுவும் பேசியிருக்கமாட்டான். பசு இழுத்திருக்கும், ஓசை எழாதிருக்கும், அரசன், தன் நாட்டில் குறையே இல்லை என்று நிறைவோடு உறங்கியிருப்பான். வாய்மை இன்னதென்று வரையறுக்கப் புகுந்த வள்ளுவர், சொல்லும் செய்தியும் ஒத்திருப்பதை அளவாக வைக்கவில்லை. பிறர்க்குத் தீமை விளையாமையை அளவாக வைத்தார். அந்த அளவுகோலில் பார்த்தால் மௌனத்துக்குத் தனிச் சலுகை எதுவும் கிடைப்பதாகத் தெரியவில்லை. குறை சொல்லாமல் விற்பது ஒன்று. குறை சொல்லிக்கொண்டிருந்த வாயை அடைத்துவிட்டு விற்பது மற்றொன்று. முன்னதை வணிகத்தின் தந்திரம் என்று சிலர் மன்னிக்கலாம். பின்னதில் ஒரு சாட்சி அகற்றப்பட்டிருக்கிறது.

இது ஏதோ ஓரிரு வண்டிகளின் கதையும் அன்று. 2011 முதல் 2013 முடிய மலேசிய அரசு ஹைபிரிட் கார்களுக்கு இறக்குமதி வரியையும் கலால் வரியையும் விலக்கியது. அந்நாளில் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் அவற்றை வாங்கின. அவ்வண்டிகள் இன்று பத்தாண்டைக் கடந்து, இரண்டாவது மூன்றாவது கைகளில் இருக்கின்றன. நகரத்தில் கழிக்கப்பட்ட வண்டி சிற்றூருக்கு வருவது நெடுநாள் வழக்கம். வந்த இடமோ கடலோரம். உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. பிரேக் எண்ணெய் தானாகவே காற்றின் ஈரத்தைக் குடிக்கும் இயல்புடையது. கட்டை தேயவில்லையே என்று பட்டறைப் பக்கமே போகாதிருக்கும் உரிமையாளருக்கு, அந்த எண்ணெய் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாதது நினைவுக்கு வருவதில்லை.

பழக்கம் என்பதும் விளக்கை அணைக்கும் இன்னொரு கைதான். தெலுக் இந்தானில் 1885இல் எழுந்த கோபுரம் சாய்ந்தது. சாய்வு என்பது கட்டடம் விடுக்கும் எச்சரிக்கை. நாளடைவில் அது காட்சியாகி, இன்று மக்கள் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். கோபுரத்துக்கு அது பொருந்தும். மூன்று மாதமாக எரியும் மஞ்சள் விளக்கை முகப்புப் பலகையின் அழகுகளுள் ஒன்றாகக் கொண்டு வண்டி ஓட்டுகிறவருக்கு அது பொருந்துமா?

அதே தெலுக் இந்தானின் புறத்தே, 2025 மே 13ஆம் நாள் காலை, சித்ரா பௌர்ணமித் திருவிழாவின் பாதுகாப்புப் பணியை முடித்து ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸ் படையினரின் வண்டியோடு கல் ஏற்றிய லாரி மோதியது. ஒன்பது பேர் மாண்டனர். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள் அவர்கள். அங்கே பழுதுபட்டது பிரேக் அன்று. லாரியின் ஸ்டீயரிங் அமைப்புச் செயலிழந்ததையும், அனுமதித்த அளவைவிட மிகுதியான சுமை ஏற்றப்பட்டிருந்ததையும் போக்குவரத்து அமைச்சின் சிறப்புக் குழு கண்டறிந்தது. மிகைச்சுமையை உரைக்க எந்த விளக்கும் தேவையில்லை. கல்லை அள்ளிப் போட்ட நேரத்திலேயே அது கண்ணுக்குத் தெரியும். தெரிந்தும் எத்தனை பேரைக் கடந்து அந்த லாரி சாலைக்கு வந்தது என்று எண்ணும்போது, அழிக்கப்பட்ட பிழைக்குறி ஒன்றும் சிறிய செயலாகத் தோன்றவில்லை.

மருத்துவமனைக்குப் புறப்படும் நாள். விடியுமுன் கிராணி வண்டியில் ஏறி அமர்கிறார். மனைவி பக்கத்தில், மருந்துப் பையோடு. பொத்தானை அழுத்துகிறார். முகப்புப் பலகையில் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் எல்லாம் ஒருங்கே எரிந்து, சில நொடிகளில் ஒவ்வொன்றாக அணைகின்றன. அவர் கூர்ந்து பார்க்கிறார். எதுவும் எஞ்சி எரியவில்லை. "வண்டியில் ஒரு குறையும் இல்லை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, ஊத்தான் மெலிந்தாங் பக்கமாக வண்டியைத் திருப்புகிறார்.